மஞ்சள் விளக்கு எரியுதா? பர்ஸைத் திறக்காதீங்க!

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும் மெக்கானிக்கிடம் ஓடுகிறவர் ஒருவர். "அதுவா அணைஞ்சிடும்" என்று அதன் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் இன்னொருவர். முதல்வருக்குப் பர்ஸ் காலி. அடுத்தவருக்குப் பர்ஸும் காலி, இன்ஜினும் காலி!

மூன்றாவது வழி ஒன்று உண்டு. என்ன கோளாறு என்று வண்டியையே கேட்டுவிடுவது.

கேட்டால் சொல்லுமா? சொல்லும் ஸார். 2013 ஏப்ரல் முதல் இங்கே வந்த பாரத் ஸ்டேஜ் 4 கார்களில், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி. 2 ஏற்பாடு கட்டாயம். அதற்கு முந்தைய சில கார்களிலும் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். 16 பின் சாக்கெட் ஒன்று தெரியும். அதில் செருக, 'ஈ.எல்.எம். 327' என்று கேட்டால் புளூடூத் அடாப்டர் தருவார்கள். குடும்பத்தோடு ஒருமுறை சினிமா போகிற செலவுக்குள் அடங்கும்.

செருகுங்கள். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். ஆண்ட்ராய்டு போனில் அதற்கான ஆப்பைத் திறந்தால் ஒரு நம்பர் வரும். உதாரணமாக, 'பி 0301'.

ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கிறதே என்று மிரளாதீர்கள். 'பி' என்றால் இன்ஜின், கியர் சமாசாரம். 0 என்றால் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான நம்பர். 3 என்பது இக்னிஷன் இலாகா. 01, முதல் சிலிண்டர். அதாவது, அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. மிஸ்ஃபயர்!

உடனே பார்ட்ஸ் கடைக்கு ஓடக் கூடாது. நம்பர் சொல்வது வலி எங்கே என்றுதான். வியாதி என்ன என்று அல்ல. வயித்து வலி என்றதும் ஆபரேஷன் தியேட்டருக்கா தள்ளிக்கொண்டு போவோம்? காரணம் ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், இக்னிஷன் காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியா? இன்ஜினை ஆறவிட்டு, முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றுங்கள். பழைய நம்பரை ஆப்பில் அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது 'பி 0302' வந்தால் குற்றவாளி காயில்தான். மறுபடி 0301 என்றால் காயில் நிரபராதி. பைசா செலவில்லை.

'பி 0420' வந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மேல் சந்தேகம். அதன் விலை மயக்கம் வரவழைக்கும். ஆனால் புகைக் குழாயில் கசிவு இருந்தாலும், பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் கெட்டாலும் இதே நம்பர் வரலாம். அதைப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மட்டும் விளையாட வேண்டாம். கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரையே பொசுக்கிவிடும். ஓரம் கட்டுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்களா? ஆப்பில் 'ரெடினஸ்' பக்கத்தைப் பாருங்கள். பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், யாரோ சமீபத்தில் நம்பரை அழித்திருக்கலாம், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கலாம். "நாலு நாள் ஓட்டி வைங்க, மறுபடி வர்றேன்" என்று சொல்லிவிட்டு, விற்கிறவர் முகத்தைக் கவனியுங்கள்!

மெக்கானிக் நமக்கு எதிரி இல்லை. ஆனால் "ஏதோ லைட் எரியுதுங்க" என்று போகிறவரும், "0301 காட்டுது, காயில் மாத்திப் பார்த்தாச்சு, அது இல்லே" என்று போகிறவரும் ஒன்றல்ல. இரண்டாமவருக்குப் பில் போடும்போது பேனா கொஞ்சம் யோசிக்கும்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் உண்டு. பாட்டரி இறங்கிவிடும். பிள்ளையார்? தாராளமாக இருக்கட்டும். விளக்கை மட்டும் மறைக்காமல்!