சரக்கு வண்டி விபத்தும் சட்டைப்பை பில்லும்

நம்மில் பலருக்கு வாரத்தில் ஒரு நாளாவது சரக்கு எடுக்கப் போகிற நாள் உண்டு. வாடகைக்கு ஒரு குட்டி யானை பேசி, மொத்தக் கடையில் மூட்டைகளை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நாமே உட்கார்ந்து விடியற்காலையில் ஊர் திரும்புவோம். சரக்கோடு ஆளும் வந்தால்தான் மனசுக்கு நிம்மதி. வழியில் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டு யாரும் வண்டி ஏறுவதில்லை. ஆனால் விபத்து நடந்த அன்றும் அதையடுத்த பத்துப் பதினைந்து நாட்களிலும் செய்யத் தவறியதைப் பிறகு எந்த வக்கீலாலும் சரிசெய்து தர முடியாது. நமது உறுப்பினர் ஒருவரின் வழக்கைக் கூடவே இருந்து பார்த்ததில் நாம் தெரிந்துகொண்டது இது. அவருடைய சம்மதத்துடன், பேரும் ஊரும் சொல்லாமல் எழுதுகிறோம்.

அவர் விருதுநகரில் 14 மூட்டை பருப்பு வகைகள் வாங்கி ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். நான்கு வழிச் சாலையின் இடது ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் ஒரு லாரி நின்றிருக்கிறது. டிரைவர் கடைசி நிமிடத்தில் பார்த்து வலப்பக்கம் ஒடித்தும், வண்டியின் இடது முகப்பு லாரியின் பின்புறத்தில் மோதிவிட்டது. இவருடைய இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தப் புண்ணியவான்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

போலீஸ் வருவதற்குள் லாரி கிளம்பிப் போய்விட்டது. நம்பரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. செல்போன் இல்லாத ஆள் அங்கே ஒருவரும் இல்லை. கிழிந்த மூட்டையையும் சிதறிய பருப்பையும் படம் எடுத்தவர்கள், நின்ற லாரியை எடுக்கவில்லை. எட்டு மணிக்குள் கிரேன் வந்து வண்டியை இழுத்துவிட்டது, சாலையைப் பெருக்கிவிட்டார்கள். மறுநாள் மழை. டயர் தேய்ந்த தடம், கண்ணாடிச் சில்லு எதுவும் மிச்சமில்லை.

டீக்கடையில் கேமரா இருந்தது. இவருடைய மைத்துனர் அங்கே போனது இருபதாவது நாள். கடைக்காரர் முகம் கோணாமல், "தாராளமாப் பார்த்துக்கோங்க அண்ணாச்சி" என்று பெட்டியையே காட்டிவிட்டார். அதில் இருந்த மிகப் பழைய பதிவு பன்னிரண்டு நாளைக்கு முந்தியது. ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். டிஸ்கின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்துச் சில கடைகளில் ஒரு வாரம், சிலவற்றில் ஒரு மாதம். யாரும் அழிக்க வேண்டியதில்லை. தானே அழிந்துவிடும்.

இதற்கு மேல் இன்னொரு கோளாறு. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவரிடம் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கண்ணால் பார்த்தவர் அல்ல. "லோடு வண்டியில வந்தாராம், கீழே விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. அந்த ஒரு வரிதான் பிறகு வழக்கில் பூதமாகக் கிளம்பியது.

நஷ்ட ஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, வாடகை வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு வாதங்களை வைத்தது. சரக்கு வண்டியில் ஆள் ஏறுவது விதிமீறல், ஆகவே கூலிக்கோ ஓசியிலோ வந்த ஆளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது ஒன்று. அவர் மூட்டை மேல் உட்கார்ந்து வந்து விழுந்திருக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆதாரமாக ஆஸ்பத்திரி வரியைக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் வியாபாரிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-வது பிரிவை 1994-ல் திருத்தியபோது, சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பிய ஆள் அந்தச் சரக்கோடு வண்டியில் வந்து அடிபட்டால் அதற்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று சேர்த்தார்கள். 2019-ல் பிரிவை மாற்றி எழுதியபோதும் இது நீடிக்கிறது. ஆனால் அவர் டிரைவர் கேபினில் இருந்திருக்க வேண்டும், சரக்கின் மேல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே நிரூபிக்க வேண்டியவை இரண்டு: வண்டியில் இருந்த சரக்கு என்னுடையது, நான் கேபினில் இருந்தேன்.

சரக்கு என்னுடையது என்பதற்கு பில்தானே சாட்சி? பில் இவர் சட்டைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து எடுத்தபோது அது எங்கே போனதோ, கடவுளுக்கே வெளிச்சம். நல்லவேளை, விருதுநகர் மொத்தக் கடைக்காரர் அடிக்கட்டையை வைத்திருந்தார். மூட்டைக் கணக்கும் தேதியும் அதில் தெளிவாக இருந்தன. வண்டி நம்பரும் எழுதியிருந்தது. எடை மேடைச் சீட்டின் நகலில் ஏற்றிய நேரமே இருந்தது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கணக்கு வண்டி கடந்த நேரத்தைக் காட்டியது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. மொத்த வியாபாரிகளுக்கு இங்கே ஒரு வேண்டுகோள்: பில்லில் வண்டி நம்பரை எழுத அரை நிமிடம் ஆகாது, எழுதிவிடுங்கள். வாங்குகிறவரும் பில்லை ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வண்டி ஏறலாம். 'துண்டுச் சீட்டு போதும்' என்று பில் வேண்டாமென்று வருகிறவர்கள், வரிக் கணக்கை விட்டுத் தள்ளினாலும், இந்தக் காலைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேபினில் இருந்ததற்குக் கைகொடுத்தது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. கேபினின் இடது கதவும் அடித்தளமும் உள்வாங்கி நசுங்கியிருப்பதாக அவர் எழுதியிருந்தார். முறிந்ததும் இடது கால். பருப்பைப் படம் எடுத்த ஒருவரின் செல்போனில், ஓரத்தில் அந்த நசுங்கிய கதவும் விழுந்திருந்தது. அவர் அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருந்தது நம்மவர் அதிர்ஷ்டம். டிரைவரும் வந்து சாட்சி சொன்னார். இது கிரிமினல் வழக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்துத்தான் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று தீர்ப்பானது.

லாரி நம்பர் கிடைத்திருந்தால் இவ்வளவு இழுபறியே இல்லை. இரண்டு வண்டிகளின் தவறால் அடிபட்ட மூன்றாம் நபர், முழுத் தொகையையும் இரண்டில் எந்தத் தரப்பிடமும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது. தட்ட இரண்டு கதவுகள் இருந்திருக்கும். நம்பர் கையில் இருந்தால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்பதை இப்போது செல்போனிலேயே பார்த்துவிடலாம்.

தொகையை முடிவு செய்யும்போது அடுத்த தலைவலி: மாத வருமானம் எவ்வளவு? நம்மவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறவர் அல்ல. கடனுக்குக் கொடுத்த சிட்டை நோட்டுத்தான் கணக்கு. வருமானச் சான்று இல்லாதவருக்குத் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை அனுமானிக்கும். 2008-ல் அடிபட்ட ஒரு காய்கறி வியாபாரி மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னார். அவரைப் போன்றவர்களிடம் ரசீது எதிர்பார்க்க முடியாது என்று கருணையோடு பார்த்த உச்ச நீதிமன்றமே 2014-ல் ஏற்றுக்கொண்டது 6,500 ரூபாய்தான். நிலையான கடை வைத்திருக்கும் நமக்கு அவ்வளவு சலுகையை எதிர்பார்க்க முடியுமா? நம்மவர் வக்கீல் மொத்தக் கடைகளின் பற்றுவரவுக் கணக்கு, வங்கிப் பாஸ்புக், ஜிஎஸ்டி தாக்கல் நகல், உணவுப் பாதுகாப்பு உரிமம், கடை வாடகை ரசீது எல்லாவற்றையும் திரட்டிக் கொடுத்தார். கேட்ட தொகை கிடைக்கவில்லை. சும்மா போயிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

சிதறிப்போன பருப்புக்கு ஒரு பைசாவும் வரவில்லை. வண்டி இன்சூரன்ஸ் அதில் ஏற்றிய சரக்கைக் காக்காது, அதற்குத் தனியே போக்குவரத்து இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும்.

இனி, அடிபட்டவராக இல்லாமல் அக்கம்பக்கத்துக் கடைக்காரராக நாம் இருக்கும்போது என்ன செய்யலாம்? நம் கடை வாசலில் விபத்து நடந்தால் உதவப் போவோம், ஆனால் 'கோர்ட், கேஸ் என்று யார் அலைவது' என்ற பயத்தில் பெயர் கொடுக்க மாட்டோம். உதவி செய்தவரைப் பேர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2019 திருத்தத்தில் 134-ஏ பிரிவுடன் சட்டமாகவே வந்துவிட்டது. தாமாக முன்வந்தாலும், விசாரணை அவருக்கு வசதியான நேரத்தில், வீட்டிலோ கடையிலோ நடக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

கேமராப் பதிவை மட்டும் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். திரையைச் செல்போனால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. அது தகவலுக்கு ஆகும், சாட்சியத்துக்கு ஆகாது. பெட்டியிலிருந்து மூலப் பதிவையே பென் டிரைவில் இறக்கி, விபத்துக்கு முன்பும் பின்பும் பத்து நிமிடம் சேர்த்து எடுக்க வேண்டும். பெட்டிக் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் முன்பின்னாக ஓடுகிறது என்று குறித்து வைக்க வேண்டும். நம்முடைய பெட்டிகளில் பெரும்பாலும் நேரம் தப்பாகத்தான் இருக்கும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, இத்தகைய பதிவுக்கு ஒரு சான்று தேவை. அதில் ஒரு பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அது வக்கீலும் போலீசும் பார்த்துக்கொள்கிற வேலை, பதிவு இருந்தால்தான் அந்த வேலைக்கே இடமுண்டு.

லாரி கடைக்குள்ளேயே புகுந்து ஷட்டரையும் ரேக்கையும் உடைத்தாலும் அதே தீர்ப்பாயத்தில் சொத்துச் சேதம் கேட்கலாம். வியாபாரம் நின்றுபோகிறதே என்ற அவசரத்தில் உடனே பெருக்கி, தச்சரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நாலு பக்கமும் படம் எடுத்து, உடைந்த சரக்கை எண்ணி, போலீஸ் பார்வை மகஜர் எழுதிய பிறகு கூட்டலாம்.

அடிபட்டவர் வீட்டில் ஒருவர், முதல் இரண்டு நாளுக்குள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் சூடாக இருக்கும்போதே எழுதிக் கொடுத்துத் திருத்தம் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். 2022 விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நம் கையில் உள்ள பில்லும் படமும் அதற்குள் அவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அறிக்கையில் ஏறும்.

நஷ்ட ஈட்டு மனுவுக்கு 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்தது, 2022 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அதை நம்பிக்கொண்டு ஏழாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். நம்மவர் மனுப் போட்டது ஐந்தாம் மாதக் கடைசியில், அதுவும் ஊன்றுகோலுடன்.