சூடானால் நிற்கும் வண்டி



மலர்க் குழுவினர் வந்து "சீனியர், ஆட்டோமொபைல் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதையே எழுதினால் யார் படிக்கப் போகிறீர்கள்? அதனால், 1996-ல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நான் தப்பாகப் பார்த்த ஒரு ரிப்பேரைப் பற்றியே எழுதுகிறேன்.

கத்திவாக்கத்தில் எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். பழைய பெட்ரோல் அம்பாசடர், 1489 சி.சி. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (இன்றைய அசோக் லேலண்ட்) முதலில் பூட்டிக் கொடுத்தது ஆஸ்டின் ஏ-40 கார்களைத்தான். அந்த ஏ-40 இன்ஜின் வழியில் வந்ததுதான் அம்பாசடர் இன்ஜின். ஒரு வகையில் எங்க ஊருக்குச் சொந்தக்காரன்!

வியாதி இதுதான். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். இருபது, இருபத்தைந்து நிமிஷம் நன்றாக ஓடும். பிறகு இரண்டு தடவை இருமி, நின்றுவிடும். என்ன செல்ஃப் அடித்தாலும் வராது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வண்டி ஆறிவிடும், வியாதியும் மறைந்துவிடும். ஒரு இடத்தில் கார்புரேட்டரை மாற்றினார்கள், இன்னொரு இடத்தில் பிளக் நாலும் புதுசு. காசு போனதுதான் மிச்சம்.

"இன்னா தம்பி, டிப்ளமா படிக்கிறே, இத்த பாக்க மாட்டியா?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "வேப்பர் லாக்ணே" என்றேன். பெட்ரோலில் இருக்கும் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாக ஆரம்பிக்கும். அம்பாசடரில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். துறைமுகம் போகும் லாரி வரிசைக்குள் மாட்டி ஊர்ந்தால், பைப்பில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிற்கும். பம்ப் எதை இழுக்கும்? பெட்ரோல் பைப்பை மேனிஃபோல்டை விட்டுத் தள்ளிப் போட்டோம். பம்ப் மேல் ஈரச்சாக்கு கட்டினோம். அடுத்த நாள் சாக்கை நனைத்துக் காத்திருந்தபோது ஸ்டார்ட் ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாக்கு இல்லாவிட்டாலும் அந்த அரை மணியில் ஸ்டார்ட் ஆகியிருக்கும் என்று தோன்றவேயில்லை!

அடுத்த வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு அவர் தங்கச்சிக்குப் பிரசவ வலி. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திருவொற்றியூர் தாண்டி, தண்டையார்பேட்டை வரும்போது வண்டி நின்றுவிட்டது. பதினைந்து நிமிஷம் நடுரோட்டில் நின்று, கடைசியில் ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் மறுநாள் அவர், "நீ சரி பண்ணிட்டேன்னு சொன்னதாலதானே தம்பி எடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. ராத்திரி பதினொரு மணி, காலி ரோடு, கடல் காற்று. வேப்பர் லாக் வரக்கூடிய நேரமா அது?

ஞாயிற்றுக்கிழமை அவருடன் வண்டியில் ஏறினேன். இந்தத் தடவை நிற்க வைப்பதற்காகவே ஓட்டினோம். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் கொஞ்சம் பாலிதீன் பையில் வாங்கி வைத்துக்கொண்டோம். வண்டி நின்ற அடுத்த நிமிஷமே பானெட்டைத் திறந்தேன். முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே வியாதி வரும். அது இல்லை. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் நடு ஒயரைக் கழற்றி, காய்ந்த மரக்கிளிப்பால் பிடித்து, பிளாக்கிலிருந்து கால் அங்குலத்தில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல ஸ்பார்க் என்றால் நீலமாக, சத்தத்தோடு குதிக்க வேண்டும். வந்ததோ மஞ்சளாக ஒரு நூல், அதுவும் விட்டு விட்டு. அதன் பிறகுதான் பெட்ரோல் பைப்பைக் கழற்றினேன். (இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெட்ரோலைத் திறந்துவிட்டு ஸ்பார்க் பார்ப்பவனுக்கு டிப்ளமா தேவைப்படாது.) பெட்ரோல் குமிழி இல்லாமல் பீய்ச்சியது.

பைப்பைப் பூட்டி, சிந்தியதைத் துடைத்து, ஆவி போகும் வரை நின்றோம். ஐஸ் பையைப் பம்ப் மேல் வைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. அதே பையை இக்னிஷன் காயில் மேல் வைத்தேன். ஏழெட்டு நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. இருந்தாலும் ஈரச்சாக்கில் ஏமாந்தவன் அல்லவா? மறுநாள் காலை, ஆறிய இன்ஜினை ஓடவிட்டு, சுடுதண்ணீரில் பிழிந்த துணியைக் காயிலைச் சுற்றிக் கட்டினேன். தண்ணீர் டெம்பரேச்சர் ஏறுவதற்கு முன்பே நின்றது! புதுக் காயில் போட்டோம். அவர் அந்த வண்டியை விற்கும் வரை அந்த வியாதி திரும்பவில்லை.

காயிலுக்குள் எனாமல் பூசிய மெல்லிய ஒயர் ஆயிரக்கணக்கான சுற்று. பழசான பூச்சு சூட்டில் விரிந்து விட்டுக்கொடுக்கும், ஹை வோல்டேஜ் உள்ளேயே கசிந்துவிடும். ஆறினால் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று: பிரைமரி மூன்று ஓம், பேட்டரி 12 வோல்ட். நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்தபடி விட்டு, பாயின்ட்டும் மூடியிருந்தால், 4 ஆம்பியர் ஓடும். 48 வாட் சூடு முழுக்கக் காயிலுக்குள். அவர் ஒவ்வொரு தடவையும் சாவியை ஆஃப் செய்யாமல்தான் இறங்கி நின்றிருக்கிறார். இதே சூட்டுக் கோளாறு கண்டென்ஸருக்கும் வரும். அதனால் பாயின்ட் கருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே காயிலைக் குற்றம் சொல்லுங்கள்.

இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பாயின்ட் இல்லை, பம்ப் டேங்குக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் சூடானால் நின்று, ஆறினால் ஓடும் வண்டி இப்போதும் வருகிறது. கிராங்க் சென்ஸர் அதில் அடிக்கடி மாட்டும் ஆசாமி. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யம் என்று காட்டினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அதையும் வண்டி சூடாக நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். ஸ்கேனரை எடுத்து வருவதற்குள் ஆறிவிட்டால், மறுபடி ஒரு ரவுண்டு ஓட்டத்தான் வேண்டும்.