தானாக ஓடும் கடைக்கு வாடிக்கையாளர் யார்?

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கி ஏ-32 வீதியில் போனால், விடத்தல்தீவு தாண்டி, வெள்ளாங்குளத்துக்கு முன்னால் இலுப்பைக்கடவை வரும். கடலை நம்பியவர்கள் இந்திய இழுவைப் படகுகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். வயலை நம்பியவர்கள் பசளை விலையோடு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இப்படிப்பட்ட ஊர்களில் ஏராளம். அவர்களுடைய கைத்தொலைபேசியைத்தான் அந்த விளம்பரம் தேடி வருகிறது. கடை தயார், சரக்கு தயார், விளம்பரமும் தயார்; காசைக் கட்டினால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும், நித்திரை கொள்ளும்போதும் டொலர் வரும்.

இதில் முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். சொபிஃபை போன்ற தளத்தில் ஒரு கடையைத் திறக்க அரை நாள் போதும். அமெரிக்க விலையில் அதன் அடிப்படைத் திட்டம் மாதம் 39 டொலர். சரக்கை வாங்கி அடுக்கவும் தேவையில்லை. வாடிக்கையாளர் பணம் கட்டியதும் சீனாவில் உள்ள மொத்த வியாபாரி நேரே அவருக்குப் பொதியை அனுப்புவார், இடைவிலை கடைக்காரருக்கு. ‘ட்ரொப்ஷிப்பிங்’ என்னும் இந்த முறை சட்டபூர்வமானது. இதை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. கட்டளையைப் பதிவது, பற்றுச்சீட்டு அனுப்புவது, இருப்பைத் திருத்துவது எல்லாம் உண்மையிலேயே தானாக நடக்கும்.

தானாக நடக்காதது வாடிக்கையாளர் வருவது. அதற்கு பேஸ்புக்குக்கோ கூகிளுக்கோ விளம்பரக் காசு கட்ட வேண்டும். ஒரே வார்ப்பில் செய்த கடையை நூற்றுக்கணக்கானவர்களுக்கு விற்றால், அத்தனை பேரும் ஒரே பொருளை, ஒரே படத்தோடு, ஒரே வியாபாரியிடமிருந்து எடுத்து விற்பார்கள். விளம்பரத்துக்கும் ஒருவரோடு ஒருவர் ஏலம் போட வேண்டிவரும். எஞ்சுவது விலைக்குறைப்புப் போட்டி மட்டுமே. அதில் இடைவிலை கரைந்துபோகும்.

இலங்கையில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. பேபால் வழியாக இங்கிருந்து பணம் செலுத்தலாம். வரும் பணத்தை இங்குள்ள கணக்கில் பெறும் வசதி நீண்டகாலமாகவே கிடைக்கவில்லை. ஸ்ரைப் நிறுவனத்தின் சேவை நாடுகளில் இலங்கை இடம்பெறவில்லை. உள்நாட்டில் விற்கலாம் என்றால், நம் ஆட்களில் பலர் பொருள் கைக்கு வந்த பிறகே காசு கொடுக்க விரும்புகிறவர்கள். சீனாவிலிருந்து பொதி வரும்வரை அந்தக் காசை யார் போட்டுவைப்பது? அமெரிக்கரை மனத்தில் வைத்துச் செய்த கடை, முதல் விற்பனைக்கு முன்பே இங்கு இப்படித் தடக்கி நிற்கிறது.

ஆகவே, எந்திரம் வேலை செய்கிறதா என்பதைவிட, அதற்குள் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். மோப் என்ற நிறுவனத்தின் கதை இதை நன்றாகக் காட்டும். ஆஸ்திரேலியர் ஒருவர் தொடங்கிய அந்த நிறுவனம், 21 படிகளில் இணைய வியாபாரம் கற்பிப்பதாகச் சொன்னது. நுழைவுக் கட்டணம் 49 டொலர்தான். உள்ளே போனால் வெள்ளி, தங்கம், டைட்டேனியம், பிளாட்டினம், வைரம் என்று அங்கத்துவங்கள். வைரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 30,000 டொலர். சேர்ந்தவர் விற்க வேண்டிய பண்டம் என்ன? இதே அங்கத்துவங்கள்தான், இன்னொருவருக்கு. 2018 ஜூனில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குப் போட்டது. மக்களிடமிருந்து 12 கோடி 50 லட்சம் டொலருக்கு மேல் கறக்கப்பட்டதாகவும், கட்டியவர்களில் பெரும்பாலானோர் நட்டப்பட்டதாகவும் அது குற்றம்சாட்டியது. பின்னர் திருப்பிக் கொடுக்கப்பட்டது சுமார் 2 கோடி 30 லட்சம்.

இப்போது ‘21 படி’ போய், செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் அதே ஆணைக்குழு ஒட்டோமேட்டர்ஸ் என்ற குழுமத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தது. அமேசான், வோல்மார்ட் தளங்களில் உங்கள் பெயரில் கடை போட்டு, செயற்கை நுண்ணறிவைக்கொண்டு நாங்களே நடத்துகிறோம் என்பது அவர்களுடைய வாக்குறுதி. தொடக்க முதலீடு 10,000 டொலரிலிருந்து 1,25,000 வரை. விதிமீறலுக்காகக் கடைகளை அமேசானே மூடியது. போட்ட முதலைக்கூட மீட்காதவர்களே அதிகம் என்றது முறைப்பாடு. 2024இல் வந்த உடன்பாட்டின்படி, நடத்தியவர்கள் வியாபார வாய்ப்புகளை விற்க நிரந்தரத் தடை. வலை இவ்வளவு மீனை அள்ளுமென்றால், வலைக்காரர் ஏன் வலையை விற்றுக்கொண்டிருக்கிறார் என்று கடற்கரையில் யாராவது கேட்டிருப்பார்கள்.

இலங்கைக்குள்ளேயே வந்த வடிவம் எம்ரிஎப்ஈ. காசை வைப்பிட்டால் செயற்கை நுண்ணறிவு நாணய வர்த்தகம் செய்து இலாபம் தரும் என்றது அந்தச் செயலி. ஆள் சேர்த்தால் தரவரிசையும் கூடும். 2023 ஓகஸ்டில் அது சரிந்தபோது பங்களாதேஷில் பலரது கணக்கில் மிச்சம் பூச்சியம்கூட இல்லை, கழித்தல் குறியோடு கடன் காட்டியது. அதன் இலங்கைக் கிளைப் பெயர்களை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒன்மெக்ஸ் டிரி, பாஸ்ட் வின் போன்றவையும் அங்கே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் மைவி3 அட்ஸ் வேறு விதம். கட்டணம் கட்டி, செயலியில் விளம்பரம் பார்த்தால் வருமானம். 2024 ஜனவரியில் பொலிஸ் வழக்குப் பதிந்ததும், நிறுவனத்துக்கு ஆதரவாக நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இது வியப்பில்லை. காசு வந்துகொண்டிருக்கும்வரை, அதைப் பெறுகிறவரைவிட நல்ல சாட்சி கிடையாது. பெருந்துறையில் மக்களிடம் முதலீடு திரட்டிய சுசி ஈமு பண்ணை 2012இல் கவிழும்வரை, அதற்கும் சாட்சிகள் இருந்தார்கள்.

இலங்கையின் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு, ஆட்களின் எண்ணிக்கையோ அவர்கள் கட்டும் காசோ கூடுவதைப் பெரிதும் நம்பி ஆதாயம் தரும் திட்டத்தை நடத்துவதை மட்டும் தடுக்கவில்லை. விளம்பரப்படுத்துவதையும் ஊக்குவிப்பதையும் தடுக்கிறது. மச்சானையும் சித்தியையும் சேர்த்துவிடுகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டுவது பதிலாகாது. கம்பனி ஒன்று இருக்கிறது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. வைப்புப் பணம் வாங்கும் அனுமதி அல்ல.

தானியங்கிக் கருவிகளே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கட்டாக் கருவாடோ நண்டோ விற்கும் ஒரு குடும்பத்துக்கு, 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசம். விலைப்பட்டியலைப் படத்தோடு போடலாம். கடலுக்குப் போன நேரத்தில் வரும் கேள்விக்குத் தானாகப் பதில் போகும். இந்த வியாபாரத்தில் வெள்ளவத்தையில் ஒருவர் கருவாடு வாங்குகிறார், அவர் காசு தருகிறார். கருவி அந்த இருவருக்கும் நடுவில் உதவுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வியாபார வாய்ப்பு விற்பவர், காசு வாங்குவதற்கு ஏழு நாட்களுக்கு முன்பே ஒரு தாள் கொடுத்தாக வேண்டும்: தான் யார், தன்மேல் என்ன வழக்குகள், காசு திரும்பக் கிடைக்குமா, முன்பு வாங்கியவர்கள் யார் யார். அதே விபரங்களை இங்கு வரும் முகவரிடமும் கேட்கலாம். முன்பு வாங்கியவர்களின் பட்டியல் கிடைத்தால், முகவர் தொடுத்துத் தரும் நபரை விட்டுவிட்டு வேறு மூன்று பேருக்கு அழைத்து, சரக்கு விற்று வந்த காசு எவ்வளவு, ஆள் சேர்த்து வந்த காசு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.