பின்னால் நிற்பவர்கள்

கால்பந்தாட்டம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கோல் போடுகிறவர்தான். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் போய்ப் பெரியவர் யாரையேனும் கேட்டுப் பாருங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமனைப் பற்றி நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற முன்கள வீரர் அருமைநாயகம் இவ்வூர்ப் பிள்ளை என்பார்கள். கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பெலேக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். பின்களத்தில் நின்று பந்தைத் தடுத்தவர் எவருக்காவது இந்த ஊரில் சிலை இருக்கிறதா? நான் பார்த்ததில்லை.

ஆனால் கோப்பைகள் எங்கே முடிவாகின்றன என்று கணக்குப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஆட்டங்கள் முடிந்து, மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கும் மாதங்களில்தான் ஓர் அணியின் தலையெழுத்து எழுதப்படுகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பி வைப்பது, கையிலிருக்கும் பணத்தை முன்களத்தில் போடுவதா பின்களத்தில் போடுவதா என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகும். செய்தித்தாளில் அதற்கு நான்கு வரி இடம் கிடைத்தால் பெரிது. அந்த நான்கு வரிகளைத் தேடிப் படிப்பது என் பழக்கம். இருபது அங்குல வாழை இலையில் ஊறுகாய்க்கு முதலில் கை நீட்டுகிற ஆள் நான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதுவும் அந்த வகைதான்.

நம் ஊரில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2013. அந்த ஆண்டுதான் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. பயிற்சியாளராக வந்த ஆஷ்லி வெஸ்ட்வுட் இங்கிலாந்துக்காரர், விளையாடிய நாள்களில் அவரே ஸ்டாப்பர். ஐ-லீக் விதிப்படி ஓர் அணிக்கு வெளிநாட்டார் நால்வர், அதில் ஒருவர் ஆசியக் கணக்கு. அணி புதிது, ரசிகர்களை இழுக்க வேண்டும், கோல் மழை பொழிய வேண்டும் என்று வேறொருவர் நினைத்திருப்பார். வெஸ்ட்வுட் நான்கில் இரண்டு இடத்தை நடுப் பின்களத்துக்குக் கொடுத்தார். இங்கிலாந்தின் ஜான் ஜான்சன், கென்யாவின் கர்ட்டிஸ் ஓசானோ. முன்னே சுனில் சேத்ரி இருக்கிறார், பின்னே சுவர் எழுப்பினால் போதும் என்ற கணக்கு. அசோக் நகர் கால்பந்து அரங்கின் காங்கிரீட் படிகளில் உட்கார்ந்து அந்த ஆட்டங்களைப் பார்த்தேன். ஜான்சன் பந்தைத் தலையால் மோதும் சத்தம் படிக்கட்டு வரை கேட்கும். முதல் ஆண்டிலேயே, 2014 ஏப்ரலில், பெங்களூரு ஐ-லீக் கோப்பையை வென்றது.

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஒரு தொழிற்சாலை அணிக்கு ஸ்டாப்பராக ஆடியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். டீக்கடையில் ஒருநாள் அவரிடம், "அண்ணே, உங்க ஆட்டத்துல ஞாபகம் வச்சுக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "என்னத்த சார் சொல்றது? நான் நல்லா ஆடின அன்னிக்கு ஒண்ணுமே நடக்கல. அதான் சார் ஸ்டாப்பர் வேலை" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார்.

ஆனால் ஏதாவது நடக்கிற நாளும் உண்டு. 2015 மே 31. கண்டீரவா அரங்கில் பெங்களூருவும் மோகன் பகானும் மோதிய கடைசி ஆட்டம். பெங்களூரு வென்றால் கோப்பை பெங்களூருக்கு, டிரா ஆனாலே கோப்பை கொல்கத்தாவுக்கு. 41-ஆம் நிமிடம் ஜான்சன் கோல் போட்டார். 87-ஆம் நிமிடம் வரை கோப்பை நம் கையில்தான் இருந்தது. அப்போது சோனி நார்டே அடித்த கார்னர் பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார் மோகன் பகானின் பெல்லோ ரசாக். அவர் நைஜீரியாக்காரர், அவரும் ஸ்டாப்பர்தான். இரு பக்கமும் கோல் போட்டவர்கள் பின்னால் நிற்பவர்கள்! மோகன் பகானுக்கு 13 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய லீக் பட்டம் கிடைத்தது.

இதில் அதிசயம் இல்லை. கார்னர் கிடைத்தால் உயரமான பின்கள வீரர்கள் எதிரணியின் கோல் முன்னே போய்விடுவார்கள். நாள் முழுதும் வந்த பந்தைத் தலையால் அடித்து விரட்டுகிறவனுக்கு, அதே பந்தை வலைக்குள் தள்ளுவது எத்தனை பெரிய காரியம்? 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கைப் பயிற்சியாளர் ரஹீம் முன்களத்துக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக ஜர்னைலும் ஒரு கோல் போட்டார். நல்ல ஸ்டாப்பருக்குக் கொடுக்கும் பணம் முதல் என்றால், இந்தக் கோல்கள் அதன் மேல் வரும் வட்டி.

இனி சென்னைக்கு வருகிறேன். பெங்களூரில் குடியிருந்துகொண்டு சென்னை அணியைப் பற்றி எழுதுவதற்குச் சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். காவிரி நீரையும் குடித்துக்கொண்டு, பொங்கலுக்குச் சொந்த ஊருக்கும் ரயில் பிடிக்கிற நமக்கு இந்த இரண்டு பக்கப் பாசம் புதிதா என்ன?

சென்னையின் எஃப்.சி. 2015-இல் ஐ.எஸ்.எல். சாம்பியன். அப்போது பயிற்சியாளர் மார்க்கோ மாத்தராட்சி. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலியின் ஸ்டாப்பர் அவர். அப்படிப்பட்டவர் அணியே அடுத்த ஆண்டு எட்டு அணிகளில் ஏழாவதாக முடிந்தது. 2016 டிசம்பர் 1-ஆம் தேதி கோவாவில் நடந்த கடைசி ஆட்டத்தில் நான்கு கோல் போட்டும் 5-4 என்று தோற்றார்கள். நான்கு கோல் போட்டுத் தோற்கிற அணிக்கு எங்கே ஓட்டை என்று சொல்ல நிபுணர் வேண்டியதில்லை.

2017-இல் மாத்தராட்சி விலகினார். முன்பு ஆஸ்டன் வில்லாவின் மேலாளராக இருந்த ஜான் கிரிகரி வந்தார். அந்த ஆண்டு விதியும் மாறியது. அதுவரை களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டார் ஆடலாம், இனி ஐவர்தான். இந்திய வீரர்களைப் பங்கிட ஜூலை 23 அன்று மும்பையில் ஏலம் போன்ற ஒரு தேர்வு நடந்தது. ஏலம் அல்ல, விலை முன்பே முடிவானது, முறை வைத்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அங்கே மிக அதிக விலை, ஒரு கோடியே 10 லட்சம் ரூபாய், இருவருக்கு. அவர்களில் ஒருவர் மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியின் அனஸ் எடத்தொடிகா. ஸ்டாப்பர்! ஜாம்ஷெட்பூர் அவரை எடுத்துக்கொண்டது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் டீக்கடை அண்ணனிடம் காட்டினேன். "ஒரு கோடியா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

கிரிகரி முன் இருந்த கேள்வி இதுதான். களத்தில் ஐந்து வெளிநாட்டார். அவர்களில் எத்தனை பேரைப் பின்னே நிறுத்துவது? ஐவரில் இருவர் போதும் என்பது பொதுவான வழக்கம். கிரிகரி மூவரை நிறுத்தினார். ரைட் பேக் இடத்துக்கு, இங்கிலாந்தில் பிரைட்டன் அணிக்குப் பல ஆண்டுகள் ஆடிய ஸ்பானியர் இனிகோ கால்தெரோன். வயது 35. நடுவில் பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ், முன்னமே சென்னைக்கு ஆடிப் பழகியவர். அவர் பக்கத்தில் போர்ச்சுகலின் ஹென்ரிக் செரேனோ. இந்தச் செரேனோ 2016-இல் கொல்கத்தாவுக்கு ஆடி, கொச்சி இறுதி ஆட்டத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தவர். அவரையே சென்னைக்குத் தலைவராக்கினார்கள். நான்காவது இடம், லெஃப்ட் பேக், மிசோரத்தின் இளைஞர் ஜெர்ரி லால்ரின்ஜுவாலாவுக்கு. அவரை மட்டும் முந்தைய ஆண்டிலிருந்தே விடாமல் வைத்திருந்தார்கள்.

மொழி என்றதும் சங்கத்து அன்பர்களின் காது நிமிரும், ஆகவே ஒன்று சொல்கிறேன். பின்களக் கோடு என்பது நான்கு பேர் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்வது. ஒருவர் முன்னேறும்போது மற்றவர் பின்தங்கினால் ஆஃப்சைடு பொறி குலைந்துவிடும். எதிரணி ஆள் இடையில் புகுந்தால் நீ பிடிக்கிறாயா, நான் பிடிக்கட்டுமா என்று அரை நொடியில் முடிவாக வேண்டும். அதைச் சொல்ல ஒரு சொல்தான் அவகாசம். செரேனோவுக்கும் மைல்சனுக்கும் தாய்மொழி போர்ச்சுகீசியம். அயலூரில் இரண்டு பேர் தம் மொழியில் பேசிக்கொள்ளக் கிடைத்தால் வேலை எப்படி நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுவர் ஒரே நாளில் எழும்பவில்லை. நவம்பர் 19-இல் முதல் ஆட்டம், சொந்த மண்ணில், மறுபடியும் அதே கோவா. இடைவேளைக்குள்ளேயே மூன்று கோல் வாங்கினார்கள். இரண்டைத் திருப்பிப் போட்டும் தோல்வி. அன்று சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசிய என் மைத்துனர், "மாமா, இந்த வருஷமும் அவ்ளோதான்" என்றார். ஆனால் கிரிகரி கோட்டைக் கலைக்கவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இங்கேதான். கோடையில் யோசித்துச் செய்த முடிவை ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தோல்விக்காக மாற்றுகிற பயிற்சியாளர்கள் எத்தனை பேர்! டிசம்பர் 17-இல் கண்டீரவாவுக்கு வந்து பெங்களூருவை 2-1 என்று வென்றார்கள். 88-ஆம் நிமிடம் வெற்றி கோல் போட்டவர் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ். 18 லீக் ஆட்டங்களில் சென்னை வாங்கியது 19 கோல்தான். அரையிறுதியில் மீண்டும் கோவா. அந்த அணி லீக்கில் 42 கோல் போட்டிருந்தது. சென்னைக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒன்றுதான் போட முடிந்தது.

2018 மார்ச் 17. இறுதி ஆட்டம், பெங்களூருவுக்குச் சொந்த அரங்கில். லீக்கில் 40 புள்ளியோடு முதலில் வந்த அணி பெங்களூரு, சென்னைக்கு 32. அரங்கு முழுக்க நீலம் என்றால் சென்னையின் சட்டையும் நீலம், கொடியை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். 9-ஆம் நிமிடம் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி கோல் போட்டார். கூரை பெயர்ந்துவிடும்போல இருந்தது. 17-ஆம் நிமிடம் சென்னைக்குக் கார்னர். கிரெகரி நெல்சன் அடித்தார், மைல்சன் எழும்பினார், கோல். 45-ஆம் நிமிடம் மறுபடி கார்னர், மறுபடி நெல்சன், மறுபடி மைல்சன். அதற்குப் பிறகு ரஃபேல் அகுஸ்தோ மூன்றாவதைப் போட, கடைசி நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்ப, 3-2 என்று முடிந்தது. ஆட்ட நாயகன் மைல்சன். எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம், அப்பா சென்னைக் கட்சி, பிள்ளைகள் பெங்களூருக் கட்சி. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அப்பா கை தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

இந்த வெற்றியில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. மூன்று வெளிநாட்டாரைப் பின்னே நிறுத்திக் கோப்பை வாங்கினால், மற்ற அணிகளும் அதைத்தான் செய்யும். அப்புறம் இந்தியாவுக்கு ஸ்டாப்பர் எங்கிருந்து வருவான்? நடுப் பின்களம் பழகப் பழக வருகிற வித்தை. பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கற்க முடியாது. 2021-22 பருவத்தில் ஐ.எஸ்.எல். களத்தில் வெளிநாட்டார் எண்ணிக்கையை நான்காகக் குறைத்தது. அதையும் தாமதம் என்றே சொல்வேன். ஆனால் விதிக்கு உட்பட்டு வெல்ல வேண்டிய பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வேலை கோப்பை.

2018 கோடையில் செரேனோ சென்னையை விட்டுப் போனார். மைல்சனும் கால்தெரோனும் இருந்தார்கள், செரேனோவின் இடத்துக்குப் புது ஆளும் வந்தார். ஆனாலும் 2018-19 பருவத்தில் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் கடைசி இடம். காயங்கள் இருந்தன, வேறு காரணங்களும் இருந்தன. இருந்தாலும் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதை நான் அந்த ஆண்டு பார்த்தேன்.

அதே கோடையில் பெங்களூருவும் ஐந்து ஆண்டு காவல் நின்ற ஜான்சனை விட்டது. மனம் வலித்தது, டீக்கடையில் திட்டினோம். ஸ்பெயினின் ஹுவானனை வைத்துக்கொண்டு, ஸ்பெயினிலிருந்தே ஆல்பெர்ட் செர்ரானைக் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டு சேர்ந்த ராகுல் பேகே என்ற மும்பைக்காரரைப் பின்களத்தில் நிலையாக ஆடவிட்டார்கள். 2019 மார்ச் 17, சென்னையிடம் தோற்ற நாளிலிருந்து சரியாக ஓராண்டு. மும்பை அந்தேரி அரங்கில் கோவாவுடன் இறுதி ஆட்டம். 90 நிமிடம் கோலே இல்லை, கூடுதல் நேரமும் முடியப் போகிறது. 117-ஆம் நிமிடம் டிமாஸ் அடித்த கார்னருக்கு எழும்பித் தலை கொடுத்தவர் பேகே. பெங்களூரு 1, கோவா 0.