அறிவியலைத் தமிழில் அளித்த ஆசிரியர்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ஜங்லிகாட் பகுதியைச் சேர்ந்த நம்மவர் சிலர் நாம் பணிபுரியும் ரயில் முன்பதிவு நிலையத்துக்குப் பதற்றத்தோடு வந்தனர். சென்னையிலிருந்து புறப்படும் வண்டி நிறுத்தப்பட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்ததாம். கணிப்பொறியில் பார்த்தோம், வண்டிக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் முதல்நாளே தம் சீட்டை ரத்து செய்துவிட்டிருந்தார். தங்கை மகளின் திருமணத்துக்குச் செல்ல வேண்டியவர் அவர். மறுசீட்டு காத்திருப்போர் பட்டியலில்தான் கிடைத்தது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்குமுன் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்த நமக்கு இன்று செய்தி நொடியில் வருகிறது. மெய்யும் பொய்யும் ஒரே வேகத்தில் வருகின்றன. ஆகவே, கருவியின் இயல்பை அறிந்து, செய்தியை ஆராய்ந்து, எளிய தமிழில் எடுத்துரைப்போர் நமக்குத் தேவைப்படுகின்றனர்.

அத்தகையோருக்கு வழிகாட்டியாக விளங்கியவர் எழுத்தாளர் சுஜாதா. 1935இல் பிறந்த இவரது இயற்பெயர் ரங்கராஜன். துணைவியாரின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சியிலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பயின்றார். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய பின், பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கேற்றார். 2004ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் அவ்வகை இயந்திரத்திலேயே வாக்களித்தோம்.

பகலில் அலுவலகம், ஓய்வு நேரத்தில் எழுத்து என்பதே அவரது வாழ்க்கையாயிற்று. கணிப்பொறி என்றாலே பலரும் அஞ்சிய காலத்தில், அது இன்னதென்று பாமரரும் உணர எழுதினார். ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்னும் பகுதியில் வாசகரின் ஐயங்களுக்கு விடையளித்தார். பணி ஓய்வுக்குப் பின் ‘அம்பலம்’ என்னும் இணைய இதழின் ஆசிரியரானார். அச்சுத்தாளில் புகழ்பெற்றவர், முதிய வயதிலும் புதிய ஊடகத்தைக் கண்டு தயங்கவில்லை. 2008 பிப்ரவரி 27இல் மறைந்தார்.

தொழில்நுட்பம் ஆங்கிலத்துக்கே உரியது, பத்திரிகைத் தொழில் பிழைப்புக்கு உதவாது என்று நம் பெற்றோர் சிலர் கருதுகின்றனர். கைத்தொழிலையும் எழுத்தையும் ஒருங்கே பேண இயலும் என்பதற்கு இவர் வாழ்வே சான்று. அலுவலக எழுத்தரான நாமும் அதைக் கண்டே இப்பக்கங்களில் எழுதத் துணிந்தோம்.

நம் இளைஞர் அறிவியல் கற்கட்டும். தமிழை விடாது பயிலட்டும். கேட்டதைப் பரப்புமுன் உரிய இடத்தில் விசாரித்தறியும் பழக்கம் கொள்ளட்டும். அவர்களுள் ஒருவரேனும் நாளை செய்தியாசிரியராக அமர்ந்தால், திருமண வீட்டுக்குப் புறப்படும் பெரியவர் எவரும் பொய்ச் செய்தியை நம்பிச் சீட்டை இழக்க நேராது.