மெட்ரோ தூண்களும் மழைநீரின் வழியும்

சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் மாதவரத்தில் தொடங்கி, நகரின் நடுப்பகுதியைச் சுரங்கத்தின் வழியே கடந்து, தரமணிக்குப் பின் பழைய மாமல்லபுரம் சாலையின் நடுவே எழுப்பப்படும் தூண்களின் மேலேறி, செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூரைத் தாண்டிச் சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. மொத்தம் 118.9 கிலோமீட்டர் நீளமும் 63,246 கோடி ரூபாய் மதிப்பீடும் கொண்ட இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில் கிடைத்தது. ஓடத் தொடங்கிய பின் மின்சார ரயில் நகரக் காற்றுக்கு நன்மை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால், கட்டி முடிக்கும் வரையிலான ஆண்டுகளில் சாலையோரம் வாழ்வோரின் மூச்சும் உறக்கமும், அந்நிலத்தின் நீரோட்டமும் என்ன ஆகும் என்பது தனியே ஆராயப்பட வேண்டியதாகும்.

பெரிய கட்டுமானங்களால் நிலம், நீர், காற்று, மக்கள் நலம் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே கணிக்கும் ஆய்வு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப்படுகிறது. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் நெடுஞ்சாலைகளையும் துறைமுகங்களையும் சேர்த்ததே தவிர, ரயில் பாதைகளைச் சேர்க்கவில்லை. எனினும் கடன் தரும் வங்கிகள் அந்த மதிப்பீட்டை நிபந்தனையாக வைக்கின்றன. சோழிங்கநல்லூருக்கும் சிப்காட்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயர்மட்டப் பாதைக்குக் கடன் தரும் ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009ஆம் ஆண்டுக் காப்புக் கொள்கை, எந்தத் தீங்கை யார், எப்போது, எவ்வாறு தடுப்பது என வரையறுக்கும் மேலாண்மைத் திட்டத்தையும், மக்களின் புகார்களைக் கேட்கும் ஏற்பாட்டையும், கண்காணிப்பு அறிக்கைகளைப் பொதுவில் வெளியிடுவதையும் கோருகிறது. குடிமக்களைக் காக்கும் இக்கடமை நாட்டின் சட்டத்திலிருந்து பிறவாமல் கடன் ஒப்பந்தத்திலிருந்து பிறப்பது முறையன்று.

இந்த வழித்தடத்தின் தென்பகுதியில் முதன்மையான கவலை நீரைப் பற்றியதே. 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலம், சுற்றிலுமுள்ள பல ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு என்னும் ஓடை வழியாகச் சாலையைக் கடந்து பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்க்கிறது. அந்நீர் தெற்கே ஓடி, முட்டுக்காட்டையும் கோவளத்தையும் ஒட்டிய முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. சாலையும் ரயில் பாதையும் வடக்கு தெற்காகச் செல்ல, மழைநீரோ மேற்கிலிருந்து கிழக்கே செல்ல வேண்டியிருப்பதால், தூண் எழுப்புவதற்காக ஓடையில் தற்காலிகமாகக் கொட்டப்படும் மண்கூட மேற்கேயுள்ள குடியிருப்புகளில் வெள்ளத்தைத் தேக்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இப்பகுதி வெள்ளத்தால் பட்ட பாடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த மண்ணை முழுவதுமாக அகற்றுவது எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டுகிறது. தூணுக்காகத் துளையிடும்போது குழியின் சுவர் சரியாமலிருக்கப் பயன்படும் பென்டோனைட் என்னும் களிமண் குழம்பும் நீரின் வழியை மறிக்கக்கூடியதே. மழைநீர் வடிகாலில் விடப்பட்டால் அது படிந்து இறுகி, வடிகாலை அடைத்துவிடும். கடலோர மணற்பாங்கில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதால், அடித்தளக் குழிகளிலிருந்து அளவுமீறி நீரை இறைத்தால் கிணறுகளில் உப்பு ஏறும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தூசியைப் பொறுத்தவரை, 10 மைக்ரானுக்குட்பட்ட துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் 2.5 மைக்ரானுக்குட்பட்டவை 60 மைக்ரோகிராமுக்கும் மிகக்கூடாது என்பது தேசிய வரம்பாகும். உயரமான தடுப்புகள், தார்ப்பாய் மூடிய லாரிகள், சக்கரம் கழுவும் தொட்டிகள், நீர் தெளிப்பு ஆகிய எளிய வழிகளே, ஒரு நாளும் தவறாமல் செய்யப்பட்டால், பெரும்பயன் தரும். இரைச்சல் அவ்வளவு எளிதில் தீர்வதன்று. குடியிருப்புகளில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபெல்லே வரம்பு என 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. ஆனால் போக்குவரத்து மிகுந்த இச்சாலையில் கனமான பாகங்களைத் தூக்கிவைக்கும் வேலைக்கு இரவே ஏற்ற நேரமாகிறது. முன்னறிவிப்பும் ஒலித்தடுப்புத் திரைகளும், ஒரே இடத்தில் தொடர்ந்து பல இரவுகள் வேலை நடவாதபடி முறை வைப்பதும் இத்துன்பத்தைக் குறைக்கும்.

பேசப்படாமல் விடுபடுவோர் தொழிலாளர்களே. கான்கிரீட்டையும் பாறையையும் வெட்டுகையில் எழும் சிலிக்காத் தூசி, ஆண்டுகள் கழித்து நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரவல்லது. வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி அதற்குள் ஊர் திரும்பியிருப்பதால், அந்நோய் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பணியிடங்களில் தேங்கும் நீரில் டெங்கு, மலேரியா கொசுக்கள் பெருகினால், முகாமில் உறங்குவோரும் அடுத்த தெருவினரும் ஒருசேர நோயுறுவர்.

சிறுசேரிக்கு அப்பால் கேளம்பாக்கம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை இப்பாதையை நீட்டுவது பற்றிப் பேசப்படுகிறது. பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கடலூர் செல்லும் ரயில் பாதையும் நெடுங்காலமாகப் பேச்சளவில் உள்ளது. இவற்றின் வரைபடம் இறுதியாகுமுன் ஏரிகளின் உபரிநீர் வெளியேறும் கலங்கல்களும் ஓடைகளும் அதில் குறிக்கப்பட வேண்டும். தூசி, இரைச்சல் அளவுகள் பணியிடத் தடுப்பின் மேலேயே தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை இச்சாலையோரம் வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவர்கள் அதை இப்போதே கேட்க வேண்டும்.