ஒட்டுத்துணி ஏறிய மண்டபம்!

முகச்சாடை போதவில்லை என்றனர் சிலர். மேனியின் நிறம் எங்கே போயிற்று, சாம்பலையல்லவா பூசியிருக்கிறது என்று முகம் சுளித்தனர் வேறு சிலர். 2018 பிப்ரவரி 12ஆம் நாள், வாஷிங்டன் நகரத்துத் தேசிய உருவப்பட மண்டபத்தில், மிஷெல் ஒபாமா அம்மையாரின் ஓவியத்தை மூடியிருந்த திரை விலகியபோது கிளம்பிய பேச்சு இது.

ஓவியம் நமக்கெதற்கு என்று ஏட்டைப் புரட்டிவிடாதீர், தோழரே! இது பருத்திக் காட்டில் முதுகொடிந்தவர்களின் கதையும்கூட.

ஆறடி உயரம், ஐந்தடி அகலம். பின்னணியிலே மாளிகையில்லை, மரமில்லை, வெறும் நீலம். புறங்கையில் முகவாய் சாய்த்து அமர்ந்திருக்கிறார் அம்மையார். முகமும் கையும் சாம்பல் நிறம். தீட்டியவர் ஏமி ஷெரால்ட், தாமும் கறுப்பினப் பெண். கறுப்பின மக்களை எப்போதும் இப்படித்தான் தீட்டுகிறார் அவர். எனக்கும் முதலில் உறுத்தியது. பிறகு புரிந்தது: தோலின் நிறத்தைக் கொண்டே ஆளை அளந்து பழகிய கண்ணிடமிருந்து அளவுகோலைப் பறித்துவிட்டார்! இனி முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முகத்தைவிடப் பெரிய இடம் ஆடைக்கு. நிலத்தில் விரித்த கூடாரம்போல் படத்தின் கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வெள்ளைத் துணி, அதன்மேல் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாய்க் கட்டங்கள், கோடுகள், முக்கோணங்கள். உருவம் மேலே, உருவமற்ற வெறும் வடிவங்களின் ஆட்டம் கீழே. ஆடை, மில்லி என்ற நிறுவனத்தின் தயாரிப்பு; விலையுயர்ந்த சரக்குதான், மறைப்பானேன்! ஆனால் அந்தக் கோலத்தைக் கண்டதும் தமக்கு நினைவு வந்தது ஜீஸ் பெண்ட் பெண்களின் ஒட்டுப் போர்வைகள் என்று, திரை விலகிய மேடையிலேயே சொன்னார் ஷெரால்ட்.

எது அந்த ஜீஸ் பெண்ட்? அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைத்தோடும் சிற்றூர். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். உழைத்துக் கிழிந்த காற்சட்டையையும் சாக்கையும் வெட்டி, துண்டோடு துண்டு சேர்த்துப் போர்வை தைத்தார்கள் அந்தப் பெண்கள். கலைக்காகவா? குளிருக்காக! பலகை இடுக்கில் புகும் காற்றில் பிள்ளைகள் நடுங்காதிருப்பதற்காக! அந்தப் போர்வைகளை 2002இல் நியூயார்க் நகரத்து விட்னி கலைக்கூடம் சுவரில் மாட்டியபோது, அறிஞர் பெருமக்கள் வியந்து நின்றனர்.

இன்னொன்றும் கேளுங்கள். ஓட்டுரிமைக்குப் பெயர் பதிய அந்த ஊரார் ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குப் போகத் தொடங்கினார்கள். 1962இல் படகுப் போக்குவரத்தே நின்றுபோயிற்று! எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. போக வேண்டுமானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் சுற்ற வேண்டும். படகு மீண்டும் வந்தது எப்போது? 2006இல். நாற்பத்து நான்கு ஆண்டு! அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அவர்கள் கைவேலையின் சாயல் தலைநகரத்து மண்டபச் சுவரில் ஏறியது, முன்னாள் குடியரசுத் தலைவரின் துணைவியார் மடிமேல்.

ஏற்றியவரும் சொகுசில் வளர்ந்த கலைஞரல்ல. 1973இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த ஷெரால்ட், முப்பத்தெட்டு வயது வரை உணவு விடுதியில் மேசைக்கு மேசை தட்டு ஏந்தியவர். இதயம் பழுதாகி, 2012இல் மாற்று இதயம் பொருத்தப்பட்டு உயிர் தப்பியவர். 2016இல் அதே மண்டபம் நடத்திய உருவப்படப் போட்டியில் முதற்பரிசு. பெண்ணொருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை.

சாடை இல்லை என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, மார்ச் மாதத்தில் இரண்டு வயதுக் கறுப்பினக் குழந்தையொன்று அந்த ஓவியத்தின்முன் வாய் பிளந்து நின்றது. படம் எடுக்க வேண்டும், இந்தப் பக்கம் திரும்பு என்று தாய் எவ்வளவோ அழைத்துப் பார்த்தாள். குழந்தை திரும்பவேயில்லை.